பூஜ்யத்துக்கு ஏன் பன்மை?

லண்டனில் குளிர்காலக் காலையில் வெப்பநிலை பூஜ்யத்துக்கு இறங்கினால் வானிலை வாசிப்பவர் ‘ஸீரோ டிகிரீஸ்’ என்பார். வெயில் எட்டிப்பார்த்து ஒரு டிகிரி ஏறினால் அது ‘ஒன் டிகிரி’. இன்னொன்று ஏறினால் மறுபடியும் ‘டூ டிகிரீஸ்’. இரண்டுக்குப் பன்மை வருவதில் வியப்பில்லை. ஒன்றுகூட இல்லாத இடத்தில் பன்மைக்கு என்ன வேலை?

ஒன்று என்றால் சிங்குலர், ஒன்றுக்கு மேல் போனால் ப்ளூரல் என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். பூஜ்யம் ஒன்றுக்கு மேல் இல்லை. அரையும் அப்படித்தான். ஆனால் 0.5 லிட்டர் என்று எழுதியிருப்பதை ஆங்கிலேயர் ‘பாயிண்ட் ஃபைவ் லிட்டர்ஸ்’ என்றுதான் வாசிப்பார். இன்னும் விசித்திரம் 1.0. மதிப்பில் அது ஒன்றேதான், இம்மி கூடக் குறைய இல்லை. ஆனாலும் ‘ஒன் பாயிண்ட் ஸீரோ லிட்டர்ஸ்’ என்று பன்மை வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆக, அந்த விதியைத் திருத்தி எழுத வேண்டும். ஆங்கிலப் பன்மைக்குப் பொருள் ‘பல’ என்பதல்ல, ‘ஒன்று என்ற சொல்லுக்கு உரியது அல்ல’ என்பதுதான். ‘ஒன்’ என்ற எண்ணுக்கு மட்டும் ஒருமை என்ற தனி நாற்காலி. எண்வரிசையில் மற்றவை எல்லாம், பூஜ்யமும் பின்னமும் உட்பட, தரையில் போட்ட ஒரே பாயில்.

கணினி நிரல் எழுதுவோருக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு மென்பொருளைப் பல மொழிகளுக்குக் கொண்டுபோகும்போது, ‘இத்தனை கோப்புகள் நகலெடுக்கப்பட்டன’ என்ற செய்தியில் எந்த எண்ணுக்கு எந்த வடிவம் என்று ஒவ்வொரு மொழிக்கும் ஒரு சூத்திரம் எழுதித் தர வேண்டும். இதற்காகப் பரவலாகப் பயன்படும் ‘கெட்டெக்ஸ்ட்’ என்ற கருவியில் ஆங்கிலத்துக்கான சூத்திரம் மிகச் சிறியது: எண் ஒன்றுக்குச் சமமில்லை என்றால் பன்மை. பிரெஞ்சுக்கு அப்படி இல்லை. அங்கே இரண்டில்தான் பன்மை தொடங்குகிறது. பூஜ்யம் டிகிரி ஒருமை, ஒன்றரை லிட்டரும் ஒருமை. இரண்டு நாட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கடல்தான், ஆனால் பூஜ்யத்தை எந்தப் பக்கம் உட்கார வைப்பது என்பதில் ஒத்துப்போகவில்லை. ரஷ்ய மொழியில் 21 புத்தகம் என்பதற்கு ஒருமை வரும், கடைசியில் ‘ஒன்று’ என்று முடிவதால். அரபுக்கு ஆறு வடிவங்கள் தேவை. ஜப்பானிய மொழிக்கு ஒன்றே போதும்.

எண்ணைச் சொல்லாமல் பன்மையை மட்டும் பயன்படுத்தும்போது விஷயம் இன்னும் வழுக்குகிறது. ‘டூ யூ ஹேவ் சில்ட்ரன்?’ என்று ஓர் ஆங்கிலேயர் கேட்கிறார். உங்களுக்கு ஒரே மகள். பன்மையில் கேட்டாரே, நமக்குத்தான் ஒன்றுக்கு மேல் இல்லையே என்று ‘நோ’ சொல்வீர்களா? மாட்டீர்கள். ‘யெஸ், ஒன்’ என்பீர்கள். கேள்வியில் வந்த ‘சில்ட்ரன்’ ஒன்றையும் சேர்த்துத்தான் கேட்டது. அதே சொல்லை ‘ஐ ஹேவ் சில்ட்ரன்’ என்று சாதாரண வாக்கியத்தில் சொன்னால், கேட்பவர் இரண்டாவது இருக்கும் என்று எண்ணிக்கொள்வார். ஒரே வடிவம் கேள்வியில் ஒரு பொருள், கூற்றில் ஒரு பொருள். பன்மை தன்னளவில் எண்ணிக்கை பற்றி எதுவுமே சொல்வதில்லை, ஒருமையைச் சொல்லாமல் விட்டதை வைத்துக் கேட்பவர்தான் ‘பல’ என்று ஊகிக்கிறார் என்று வாதிடும் மொழியியலாளர்கள் உண்டு. எனக்கு அந்தக் கட்சிதான் பிடித்திருக்கிறது.

இந்த வழுக்கலில் சில உயிர்களும் தப்பியிருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பல குற்றங்களுக்குத் தூக்குத்தண்டனை. ஆனால் மதகுருமாருக்கென்று ஏற்பட்ட ஒரு பழைய சலுகை, காலப்போக்கில் எழுதப் படிக்கத் தெரிந்த எவருக்கும் கிடைக்கலாயிற்று. முதல் குற்றத்தில் அதைக் காட்டிக் கயிற்றிலிருந்து தப்பிக்கலாம். ஆறாம் எட்வர்டின் முதல் ஆட்சியாண்டில் வந்த ஒரு சட்டம், குதிரைகளைத் திருடுவோருக்கு இந்தச் சலுகை கிடையாது என்றது. ‘குதிரைகளை’ என்ற பன்மையை நீதிபதிகள் உற்றுப் பார்த்தார்கள். ஒரே ஒரு குதிரையைத் திருடியவனுக்கு இது பொருந்தாது என்று கருதினார்கள். உயிர் போகிற விஷயத்தில் சட்டத்தின் எழுத்தைத் தாண்டக் கூடாது என்பது அவர்கள் நியாயம். அடுத்த ஆண்டே, ஒற்றைக் குதிரையையும் சேர்த்து வேறொரு சட்டம் போட வேண்டியதாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சட்டத்துக்குப் பெரிய விளக்கநூல் எழுதிய வில்லியம் பிளாக்ஸ்டோன், தண்டனைச் சட்டங்களை எவ்வளவு இறுக்கிப் பிடித்துப் படிக்க வேண்டும் என்பதற்கு இதைத்தான் உதாரணம் காட்டுகிறார்.

இந்தத் தொல்லைக்கு ஒரேயடியாக முடிவுகட்டும் வழி பிறகு கண்டுபிடிக்கப்பட்டது. 1897இல் பிரிட்டிஷ் இந்தியாவில் இயற்றப்பட்டு இன்றும் நடப்பில் இருக்கும் பொதுப் பிரிவுகள் சட்டத்தின் 13ஆம் பிரிவு, சூழல் மறுக்காதவரை ஒருமைச் சொல் பன்மையையும் பன்மைச் சொல் ஒருமையையும் உள்ளடக்கும் என்கிறது. பிரிட்டனிலும் இதே போன்ற சட்டம் உண்டு. ஆங்கிலம் பேசும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயர்ச்சொல்லிலும் கட்டாயமாகச் செய்துவரும் வேறுபாட்டை, சட்டப் புத்தகத்துக்குள் மட்டும் ஒரே வரியில் அணைத்துவைத்திருக்கிறார்கள்.

கட்டாயம் என்ற சொல்லை வேண்டுமென்றே போட்டேன். நமக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஓட்டலில் ‘நாலு இட்லி’ என்கிறோம். ‘நாலு இட்லிகள்’ என்று கேட்பவரை சர்வர் ஒரு முறை ஏற இறங்கப் பார்ப்பார். பத்து ரூபாய், நூறு தென்னை, ஆயிரம் வேலை. எண்தான் முன்னால் நிற்கிறதே, பெயருக்கும் ஏன் ஒரு வால் என்பது நம் மொழியின் கணக்கு. துருக்கியும் ஹங்கேரியனும் இதே கட்சி. தொல்காப்பியர் ‘கள்’ விகுதியை அஃறிணைப் பெயருக்கே சொன்னார், அதையும் சேர்த்தாலும் சேர்க்கலாம் என்ற அளவில். ‘மாடு மேய்கிறது’ என்று நாம் சொன்னால் ஒரு மாடா ஒரு மந்தையா என்று சொல்லாமலே தப்பிக்கலாம். ஆங்கிலேயரால் முடியாது. வாயைத் திறக்கும் முன்பே, தூரத்தில் தெரிவது ஒன்றா, ஒன்றல்லாததா என்று முடிவு செய்தாக வேண்டும். தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே தீர வேண்டும்.

அப்படித் தேர்ந்தெடுத்ததைக் காட்ட இன்று கடைசியில் ஓர் ‘எஸ்’ போதும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் போதாது. பழைய ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொற்குடும்பத்துக்கும் ஒவ்வொரு பன்மை. கல்லைக் குறிக்கும் ‘ஸ்தான்’ பன்மையில் ‘ஸ்தானஸ்’. பெயரைக் குறிக்கும் ‘நாமா’ பன்மையில் ‘நாமன்’. ஆடும் மானும் மாறவே மாறா, இன்றைய ‘ஷீப்’, ‘டீர்’ அந்தக் குடும்பத்தின் மிச்சம். ‘ஃபுட்’ ‘ஃபீட்’ ஆவதும் ‘மவுஸ்’ ‘மைஸ்’ ஆவதும் இன்னும் பழைய கதை. எழுத்து வருவதற்கு முன்பே அந்தப் பன்மைகளின் வாலில் ஓர் ‘இ’ ஒலி இருந்தது. அந்த ‘இ’யைச் சொல்லத் தயாராகும் நாக்கு, அதற்கு முந்தைய உயிரைச் சொல்லும்போதே முன்னுக்கு நகர்ந்துவிட்டது. நடு உயிர் மாறியது. பிறகு வால் உதிர்ந்தது. வால் போய், அது மாற்றிய உயிர் மட்டும் எஞ்சி, அதுவே பன்மைக்கு அடையாளமாயிற்று. ‘ஃபீட்’ என்ற சொல்லில் நாம் கேட்பது, இல்லாத ஒரு விகுதியின் தடம்.

எந்தப் பன்மை வெல்லும் என்பது நெடுநாள் முடிவாகாமல் இருந்தது. தெற்கில் ‘என்’ பலமாக இருந்தது, வடக்கிலிருந்து ‘எஸ்’ இறங்கி வந்தது. இங்கிலாந்தில் முதல் அச்சகம் வைத்த வில்லியம் காக்ஸ்டன், 1490இல் அச்சிட்ட ஒரு நூலின் முன்னுரையில் அந்தக் காலக் குழப்பத்தைக் கதையாகச் சொல்கிறார். தேம்ஸ் நதியில் கப்பலேறிய சில வணிகர்கள், காற்று இல்லாததால் கரையோரம் ஓர் ஊரில் இறங்குகிறார்கள். ஷெஃபீல்டு என்ற துணி வணிகர் ஒரு வீட்டில் சாப்பிட முட்டை கேட்கிறார். அவர் சொன்ன சொல் ‘எக்ஸ்’. வீட்டுக்காரி, எனக்குப் பிரெஞ்சு தெரியாதே என்கிறாள். வணிகருக்குக் கோபம், அவருக்கும்தான் பிரெஞ்சு தெரியாது. கூட வந்த இன்னொருவர் ‘எய்ரன்’ வேண்டும் என்கிறார். உடனே அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

இந்த ‘எய்ரன்’ ஒரு வேடிக்கையான சொல். முட்டைக்கு அடிச்சொல் ‘எய்’. பன்மைக்கு ‘ர்’ ஒலி சேர்ந்து ‘எய்ரெ’ என்றிருந்தது. அது பன்மை என்பதே மறந்துபோய், மக்கள் அதன் மேல் இன்னொரு பன்மையாக ‘ன்’ சேர்த்தார்கள். இன்றைய ‘சில்ட்ரன்’ அச்சு அசல் இதே வார்ப்பு. ‘சைல்டு’, அதற்கு ஒரு பன்மை, அதன் தலையில் இன்னொரு பன்மை. சிரிப்பதற்கு முன் நம் ‘அவர்கள்’ என்ற சொல்லைப் பார்க்கலாம். ‘அவர்’ ஏற்கெனவே பன்மை. மரியாதைக்காக ஒருவருக்கே வழங்கி வழங்கி அதன் பன்மை தேய்ந்துபோக, ‘கள்’ளைப் பிடித்து ஒட்டவைத்தோம்.

மரியாதை ஆங்கிலத்தையும் விட்டுவைக்கவில்லை. ‘தௌ’ என்பது நம் ‘நீ’, ‘யூ’ என்பது நம் ‘நீங்கள்’. பெரியவர்களை ‘யூ’ என்றழைக்கும் வழக்கம் மெல்லப் பரவி, யாரையும் ‘தௌ’ போட்டுப் பேசத் தயங்கும் நிலை வந்தது. 17ஆம் நூற்றாண்டில் பொதுப்பேச்சிலிருந்து ‘தௌ’ மறையத் தொடங்கிற்று. எல்லாரையும் சமமாக ‘நீ’ என்றே அழைப்போம் என்று குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினர் மட்டும் பிடிவாதம் பிடித்தார்கள். மற்றவர்கள் எதிரே நிற்பது தனி ஆளே ஆனாலும் ‘யூ ஆர்’ என்று பன்மை வினையையே போட்டார்கள், இன்றும் போடுகிறார்கள். பானை சட்டியிலெல்லாம் ஒன்றா, ஒன்றல்லாததா என்று நச்சரிக்கும் மொழி, முகத்துக்கு நேரே நிற்கும் மனிதரிடம் மட்டும் அந்தக் கேள்வியைக் கைவிட்டது.

வென்ற ‘எஸ்’ஸும் ஒரே ஒலி அல்ல. ‘கேட்ஸ்’ என்று சொல்லும்போது கடைசி ஒலியில் தொண்டை அதிராது. ‘டாக்ஸ்’ என்று நாய்களைச் சொன்னால் அதிரும், தொண்டையில் விரல் வைத்துப் பார்க்கலாம். ‘க்ளாஸஸ்’ என்னும்போது இடையில் ஓர் உயிரொலி நுழைகிறது. இந்த மூன்றையும் எந்தப் பெற்றோரும் சொல்லித் தருவதில்லை. 1958இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர், குழந்தைகள் இதை எப்படிக் கற்கிறார்கள் என்று பார்க்க, பறவை போன்ற ஓர் உருவத்தைத் தானே வரைந்து ‘வக்’ என்று இல்லாத பெயர் ஒன்றைச் சூட்டினார். ‘இது ஒரு வக். இப்போது இரண்டு இருக்கின்றன. இரண்டு என்ன?’ என்று கேட்டார். நாலைந்து வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் அதிரும் ஒலியோடு ‘வக்ஸ்’ என்றார்கள். வாழ்நாளில் கேட்டிராத சொல். மனப்பாடம் செய்திருக்க வழியே இல்லை. ஆனால் ‘டாஸ்’ என்ற பொய்ச்சொல்லைக் கொடுத்தபோது பலர் தடுமாறி ‘டூ டாஸ்’ என்றே விட்டார்கள். ‘க்ளாஸ்’ என்ற நிஜச்சொல்லுக்கோ அதே வயதில் ‘க்ளாஸஸ்’ சரளமாக வந்தது. மூன்றாவது வடிவத்தின் விதி மட்டும் இன்னும் உள்ளே கெட்டிப்படவில்லை.

பெர்கோவின் ஆய்வுதான் எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது பீட்டர் கோர்டன் 1985இல் வெளியிட்டது. மூன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம், சேற்றைத் தின்னும் பூதத்தை ‘மட் ஈட்டர்’ என்போமே, பெருச்சாளிகளைத் தின்னும் பூதத்தை என்ன சொல்வோம் என்று கேட்டார். ‘ரேட் ஈட்டர்’ என்று பன்மையைக் கழற்றிவிட்டுச் சொன்னார்கள். சுண்டெலிகளைத் தின்னும் பூதம்? ‘மைஸ் ஈட்டர்’ என்று பன்மையோடே. கூட்டுச்சொல்லுக்குள் ‘எஸ்’ போட்ட பன்மை நுழையாது, உயிர் மாறிய பழைய பன்மை நுழையலாம் என்பது பெரியவர்களாலும் எடுத்துச் சொல்ல முடியாத நுட்பம். ‘மைஸ் ஈட்டர்’ மாதிரியான சொற்களைக் குழந்தைகள் காதால் கேட்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. எங்கிருந்து கிடைத்தது இந்த விதி? பிறவியிலேயே வரும் இலக்கண அறிவு என்று ஒரு சாரார் சொல்ல, இல்லை, ‘எஸ்’ ஒலி சொல்லின் நடுவில் வருவது காதுக்கு ஒவ்வாததால்தான் என்று இன்னொரு சாரார் மறுக்க, வழக்கு இன்னும் நடக்கிறது.

இதுவரை பேசியதெல்லாம் எண்ணக்கூடிய பொருள்கள் பற்றி. எதை எண்ணலாம் என்று யார் சொன்னது? ஒரு கை கோதுமை மணியையும் ஒரு கை ஓட்ஸ் மணியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அளவில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் ‘வீட்’ தண்ணீர் மாதிரி, எண்ண முடியாதது, பன்மையும் இல்லை. ‘ஓட்ஸ்’ எப்போதும் பன்மை. மொழியியலாளர்கள் பல தலைமுறையாகக் காட்டும் உதாரணம் இது. இப்படி மொத்தமாக நிற்கும் சொற்களைத் தனி வகையாகப் பிரித்து விரிவாக எழுதியவர்களில் முக்கியமானவர் ஓட்டோ யெஸ்பர்சன், டென்மார்க்காரர். ஆங்கில இலக்கணத்தை மிக நுணுக்கமாக எழுதியவர்களில் ஒருவர் ஆங்கிலேயரல்லாதவர் என்பதில் வியக்க ஒன்றுமில்லை. தாய்மொழியில் எதுவும் விசித்திரமாகப் படாது.

பொருளின் இயல்பால்தான் இந்தப் பிரிவு என்றால் எல்லா மொழியிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லை. ஆங்கிலத்தில் ‘ஃபர்னிச்சர்’ எண்ண முடியாதது, நாற்காலியையும் மேசையையும் குழந்தைகூட எண்ணிவிடும் என்றாலும். பிரெஞ்சுக்காரர் அதை எண்ணுகிறார். தலைமுடி ஆங்கிலத்தில் ஒரு மொத்தம், பிரெஞ்சில் பன்மை. ‘ஸ்பகெட்டி’ இத்தாலியில் பன்மை, ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்துக்கு வந்ததும் எண்ண முடியாத குழம்பலாகிவிட்டது. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘ஃபர்னிச்சர்ஸ்’, ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்று எழுதிச் சிவப்பு மையில் சுழிவாங்காதவர் குறைவு. அவர்கள் தர்க்கத்தில் தவறவில்லை, வழக்கத்தில் தவறினார்கள் என்றே சொல்வேன். பழைய ஆங்கில எழுத்தில் ‘இன்ஃபர்மேஷன்ஸ்’ என்ற பன்மை ஆங்கிலேயர் கையாலேயே எழுதப்பட்டிருக்கிறது.

சில சொற்கள் இந்தக் கோட்டைத் தாண்டிக் குதித்தும் இருக்கின்றன. பட்டாணிக்கு முன்பு ‘பீஸ்’ என்ற சொல் ஒருமையாகவே இருந்தது. கடைசியில் ‘ஸ்’ கேட்கிறதே, இது பன்மையாகத்தான் இருக்கும் என்று மக்களே முடிவுகட்டி, அதை நறுக்கி 17ஆம் நூற்றாண்டில் ‘பீ’ என்ற புது ஒருமையைச் செய்தார்கள். செர்ரிப் பழத்துக்கும் அதே கதிதான், நார்மன் பிரெஞ்சிலிருந்து வந்த ஒருமைச் சொல்லின் வாலை வெட்டிவிட்டார்கள்.

பட்டாணியாவது வாய் திறக்காது. மனிதர்கள் கூட்டமாகச் சேர்ந்தால் அது ஒன்றா, பலரா? கிரிக்கெட் வர்ணனை கேட்பவர்களுக்கு ‘இந்தியா ஆர் டூ ஹண்ட்ரட் ஃபார் ஃபோர்’ பழக்கமானது. பெயர் ஒருமை, வினை பன்மை. பிரிட்டிஷ் வழக்கில் அணி என்பது பதினோரு பேர். அமெரிக்கர் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார். அவருக்கு அணி ஒன்று, அரசு ஒன்று, குழு ஒன்று.

அந்த அமெரிக்கரின் நாட்டுப் பெயரிலேயே ‘ஸ்டேட்ஸ்’ என்ற பன்மை உட்கார்ந்திருக்கிறது. தொடக்கத்தில் அது வெறும் வடிவமல்ல. 1787இல் எழுதப்பட்ட அரசமைப்பில் தேசத்துரோகத்துக்கு இலக்கணம் சொல்லும் இடத்தில், ஐக்கிய மாநிலங்களுக்கு எதிராகப் போர் தொடுப்பது என்பதை ‘அவற்றுக்கு எதிராக’ என்று பன்மைப் பிரதிப்பெயரால்தான் குறித்திருக்கிறார்கள். பதின்மூன்று தனி மாநிலங்கள் கைகோத்து நிற்பதாக அவர்கள் மனத்தில் இருந்த படம் அது. ஒரு மாநிலம் விரும்பினால் விலகலாமா கூடாதா என்ற கேள்வியும் அந்தப் படத்துக்குள்ளேயே இருந்தது. 1860-61இல் தெற்கு மாநிலங்கள் விலகின, நான்காண்டு உள்நாட்டுப் போர் நடந்தது. அந்தப் போருக்குப் பின்தான் ‘ஆர்’ போய் ‘இஸ்’ வந்தது என்று அமெரிக்காவில் ஒரு கதை உலவுகிறது. அழகான கதை, ஆனால் மொழி போர்நிறுத்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படுவதில்லை. போர் முடிந்த 1865லேயே அடிமைமுறையை ஒழித்து நிறைவேறிய பதின்மூன்றாவது திருத்தம், ஐக்கிய மாநிலங்களின் அதிகார எல்லை என்பதை ‘அவற்றின்’ என்று பழைய பன்மையிலேயே எழுதியது. நீதிமன்றத் தீர்ப்புகளில் இரண்டு வினையும் பிறகும் பல்லாண்டு கலந்தே வந்தன. இன்று அமெரிக்கர் எவரும் ‘யுனைட்டட் ஸ்டேட்ஸ் ஆர்’ என்று சொல்வதில்லை. ஆனால் தேசத்துரோக வழக்கு ஒன்று இன்று தொடுத்தால், அரசமைப்பின் மூன்றாம் அத்தியாயத்தைப் பிரித்து வழக்கறிஞர் உரக்க வாசிக்க வேண்டியது அந்தப் பழைய ‘அவற்றுக்கு எதிராக’வைத்தான்.